முதலில் மீட்டர் அட்டையை எடுங்கள்



பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினாலே நம் இதழுக்கு வரும் வாசகர் கடிதங்களின் போக்கு மாறிவிடுகிறது. கோயில் திருவிழா, பள்ளிக்கூடச் செய்தி, கவிதை எல்லாம் கொஞ்சம் பின்னால் போய்விடும். "ஏ.சி. வாங்கலாமுன்னு இருக்கறோங்க, எந்தக் கம்பெனி நல்லதுங்க?" "மாடியில சோலார் போட்டா கரண்ட் பில்லே வராதுங்கறாங்களே, நெசங்களா?" "பையன் எலக்ட்ரிக் வண்டிதான் வேணும்ங்கறான், எடுத்துக் குடுக்கலாமுங்களா?" மல்லசமுத்திரம், வையப்பமலை, காளிப்பட்டி, ராசிபுரம் என எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கேள்வி இந்த மூன்றைச் சுற்றியே இருக்கிறது.

எந்தக் கம்பெனி என்று இந்தப் பக்கத்தில் எழுத எனக்கு மனமில்லை. கம்பெனி பெயர் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கைபேசியைத் திறந்தால் அவர்கள்தான் முதலில் வருகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் உங்கள் வீடு தெரியாது. உங்கள் வீட்டைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்ட ஒரே தாள், மீட்டர் பெட்டிக்குப் பின்னால் செருகிக் கிடக்கும் மின்வாரிய அட்டைதான். எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் அதை எடுத்து வாருங்கள். இந்த மாதம் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கான விளக்கம்.

அந்த அட்டையை நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா? ஓரம் மடங்கி, மஞ்சள் கறையோ எண்ணெய்க் கறையோ பட்டிருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருகிறவர் தேதி, மீட்டர் எண், ஓடிய யூனிட், கட்ட வேண்டிய தொகை என்று கட்டம் கட்டமாக எழுதிவிட்டுப் போவார். நாம் தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிவிடுகிறோம். பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய கட்டம், யூனிட். ஒரு வருடத்துக்கு ஆறு வரி. சித்திரையில் எவ்வளவு, மார்கழியில் எவ்வளவு, மகள் பிரசவத்துக்கு வந்திருந்த இரண்டு மாதத்தில் எவ்வளவு என்று வீட்டின் கதை முழுக்க அதில் இருக்கிறது. இப்போது இந்தக் கணக்கு கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகவும் வருகிறது. வந்தாலும் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையிலே இடமில்லை என்றால் காலண்டரின் பின்பக்கத்தில் நீங்களே குறித்து வையுங்கள்.

யூனிட் ஏன் முக்கியம் என்பதற்கு நம் மாநிலத்தின் கட்டண முறையே பதில். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016-ல் வந்தது. 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோது 101 முதல் 200 வரை சலுகை விலையில் யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய் என்று ஆனது. 500-ஐத் தாண்டிவிட்டால் இரண்டு காரியம் நடக்கும். தாண்டிய யூனிட்டுக்கு 600 வரை 8 ரூபாய். அதோடு, 101 முதல் 200 வரை கிடைத்த சலுகையும் போய்விடும். 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஓடிய வீட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம். 2024 ஜூலையில் யூனிட் விலை காசுக்கணக்கில் கூடியது. கணக்கு எளிதாகப் புரிய வேண்டும் என்பதற்காக 2022 விலையையே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

இப்போது மின்விசிறிக்கு வருவோம். நம் வீடுகளில் அதிக நேரம் ஓடுவது அதுதான். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. வித்தியாசம் 45 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40.5 யூனிட் மிச்சம். இரண்டு ஃபேன் மாற்றினால் 81 யூனிட்.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடுகிறது, பில் 180 ரூபாய். ஃபேன் மாற்றினால் 99 யூனிட், பில் இல்லை. மிச்சம் 180 ரூபாய். இரண்டாவது வீட்டில் 560 யூனிட், பில் 2,430 ரூபாய். அதே இரண்டு ஃபேனை மாற்றினால் 479 யூனிட்டுக்கு இறங்கும், பில் 1,599 ரூபாய். மிச்சம் 831 ரூபாய். அதே கடை, அதே ஃபேன், அதே விலை. ஒரு வீட்டில் போட்ட பணம் வர வருடங்கள் ஆகும். இன்னொரு வீட்டில் ஒரு வருடத்துக்குச் சற்று மேலே போனால் வந்துவிடும். "பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கலாமா?" என்று என்னைக் கேட்டால் அதனால்தான், "உங்கள் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?" என்று திருப்பிக் கேட்கிறேன். முதல் வீட்டுக்காரர் பழைய ஃபேன் பழுதாகும்வரை காத்திருக்கலாம். இரண்டாவது வீட்டுக்காரர் காத்திருக்கவே கூடாது.

பெரிய பொருள்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். டி.வி.யை ரிமோட்டில் அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். செட்டாப் பாக்ஸில் சிவப்பு விளக்கு விடிய விடிய எரிகிறது. அது நாள் முழுக்க 10 வாட் இழுத்தாலே இரண்டு மாதத்தில் 14 யூனிட். 105, 110 என்று வந்து நிற்கிற வீடுகளில் இலவசத்தைத் தாண்ட வைப்பது இந்த மாதிரிச் சில்லறைகள்தான். சுவர் சுவிட்சை அணைத்தால் போதும், காசு செலவில்லை.

ஏ.சி. விஷயம் வேறு. வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சேலம், நாமக்கல் வெயிலில் கான்கிரீட் மாடிக்குக் கீழே இரவில் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வயதானவர்களும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டில் அது ஆடம்பரமும் இல்லை. கடையில் நிற்கும்போது நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல், அந்த ஒட்டுத்தாளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும், அதைப் படியுங்கள். அந்த எண் வருடத்துக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்குப் போட்ட கணக்கு. 800 யூனிட் என்று இருந்தால் மணிக்கு அரை யூனிட். இரவு 8 மணி நேரம் போட்டால் 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். உங்கள் அட்டையில் இப்போது 250 இருந்தால் 490-ல் நிற்பீர்கள், தப்பித்தீர்கள். இப்போதே 300 இருந்தால் தாண்டிவிடுவீர்கள். நட்சத்திர அளவுகோலைச் சில வருடங்களுக்கு ஒருமுறை இறுக்குகிறார்கள் என்பதால், பழைய சரக்கில் ஒட்டியிருக்கும் ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. ஒட்டுத்தாளில் எந்த ஆண்டு என்றும் போட்டிருக்கும், அதையும் பாருங்கள். வெப்பநிலையை 24 டிகிரிக்கு மேலேயே வையுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. அதற்கெல்லாம் முன்னால் மொட்டை மாடிக்கு ஒரு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள்.

சோலாருக்கு வருகிறேன். இதில்தான் நம் வாசகர்களுக்கு அரைகுறைத் தகவல் அதிகம் போய்ச் சேருகிறது. ஒரு கிலோவாட் அமைப்புக்கு மாடியில் சுமார் 100 சதுர அடி வேண்டும். நம் பக்கத்து வெயிலுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். எல்லாம் சரி. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓடுகிற வீட்டுக்கு அதிகபட்சம் 225 ரூபாய்தான் பில். அந்த வீட்டுக்காரர் கடன் வாங்கி சோலார் போட்டால் யாருக்கு லாபம்? விற்கிறவருக்கு. அதே நேரம் 600 யூனிட் ஓடுகிற வீட்டில் பில் 2,750 ரூபாய். அங்கே இரண்டு கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் கிடைத்து, மீதி 120 யூனிட்டுக்கு மின்கட்டணம் 45 ரூபாய்தான் வரும். அந்த வீட்டுக்காரர் ஏன் இன்னும் போடவில்லை என்றுதான் நான் கேட்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனைக்கு வருகிறவர்கள் பல பேர் இதைச் சொல்வதில்லை. மின்வாரியக் கம்பியோடு இணைத்துப் போடும் சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் வீட்டில் ஃபேன் சுற்றாது. அது பழுதல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். வெளியே லைன்மேன் கம்பத்தில் ஏறிக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் அந்தக் கம்பிக்குப் போய்விடக் கூடாது அல்லவா? கரண்ட் போனாலும் வேண்டும் என்றால் பேட்டரி வைத்த அமைப்பு வேண்டும், அதற்குச் செலவு கூடும், சில வருடங்களில் பேட்டரியும் மாற்ற வேண்டிவரும். 2012-ல் நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டு இருந்து, தறி நின்று, பிள்ளைகள் மெழுகுவத்தியில் படித்த அந்த நாள்களின் பயம் நமக்கு இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தைக் காட்டி சோலார் விற்க வந்தால், "கரண்ட் போனா இது ஓடுமுங்களா?" என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். தறி வைத்திருப்பவர்கள் தறிக்கூடத்து சர்வீஸையும் வீட்டு சர்வீஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விசைத்தறிக்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். அதன் கணக்கே தனி.

புதிய பொருள் என்றால் நம் பக்கத்து ஆட்கள் ஒதுங்கி நிற்கிறவர்கள் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போடாத மாநிலம் இந்தியாவில் அபூர்வம். அதே திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், புதுப்பாளையத்தில், 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி ராட்டையைச் சுழல வைத்தார். இன்று சுற்றுவட்டாரம் முழுக்க விசைத்தறிச் சத்தம். எந்த எந்திரம் வேண்டும், எது வேண்டாம் என்ற பேச்சு இந்த மண்ணில் நூறு வருடமாக நடக்கிறது.

கடந்த சில வருடங்களில் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கருவி எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: மோட்டார் மொபைல் ஸ்டார்ட்டர். தோட்டத்து மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, உள்ளே ஒரு சிம் கார்டு. வீட்டிலிருந்து கூப்பிட்டால் த்ரீ பேஸ் கரண்ட் வந்திருக்கிறதா என்று சொல்லும். எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும், இன்னொரு எண்ணுக்கு நிற்கும். கிணற்றில் தண்ணீர் தீர்ந்தால் தானாக நிறுத்திவிடுகிற வகையும் உண்டு, காயில் கருகாது. இதற்கு விலை உயர்ந்த கைபேசியும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். பட்டன் போன் போதும். முன்பெல்லாம் ராத்திரி ஒரு மணிக்கு த்ரீ பேஸ் வந்தால் டார்ச்சும் கையுமாக வரப்பில் நடந்து போக வேண்டும். பாம்புக்கடி, வழுக்கி விழுந்து கால் முறிவு என்று ஊருக்கு ஒரு கதை இருந்தது. ஒரு பெட்டி அந்த நடையை நிறுத்தியது. மின்சாரத்தில் ஒரு ரூபாய்கூட இதனால் மிச்சமாகவில்லை. விவசாயத்துக்கு 1990-லிருந்தே மின்சாரம் இலவசம். மிச்சமானது தூக்கம்.

ஆனால் இதிலேயே ஒரு கவலையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நடந்து போக வேண்டியிருந்தவரை, பாய்ந்தது போதும் என்று கண்ணால் பார்த்து நிறுத்தினோம். இப்போது கட்டிலில் படுத்தபடி போட்டுவிட்டுத் தூங்கிவிட முடிகிறது. போர் ஆயிரம் அடிக்குப் போய்விட்ட ஊர்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. தண்ணீருக்கு மீட்டர் அட்டை கிடையாது. ஸ்டார்ட்டரில் டைமர் வசதி இருந்தால் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள் என்று விவசாய வாசகர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்டர்நெட் பற்றியும் பலர் கேட்கிறார்கள், பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றிய புகாராக. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு கைபேசி நம் பக்கத்துத் தொழிலுக்குள்ளேயே வந்துவிட்டது. மல்லசமுத்திரத்தில் திருச்செங்கோடு கூட்டுறவு விற்பனைச் சங்கம் நடத்துகிற பருத்தி ஏலத்தில் பி.டி. என்ன விலை, கொட்டுப் பருத்தி என்ன விலை என்பது சாக்கு ஏறி வண்டி வீடு திரும்புவதற்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. நாமக்கல் முட்டை விலை தெரிய அடுத்த நாள் பேப்பருக்குக் காத்திருக்கிற கோழிப்பண்ணைக்காரர் இன்று யாரும் இல்லை. இது பெரிய பலம். விலை தெரியாமல் வியாபாரி சொன்னதற்குத் தலையாட்டிய காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதே கைபேசியில்தான் பயமும் வந்து சேருகிறது. 2022-ல் தமிழ்நாடு முழுக்க ஒரு குறுஞ்செய்தி சுற்றியது. "போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் பேசவும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் வந்தது. பேசியவர்களை ஒரு செயலியை ஏற்றச் சொல்லி வங்கிக் கணக்கைக் காலி செய்தார்கள். மின்வாரியமும் காவல்துறையும் எச்சரிக்கை விட்டன. அந்தச் செய்தியைத் திரும்பப் படியுங்கள். "போன மாத பில்" என்கிறது. நம் வீடுகளுக்கு மாத பில் கிடையாது, இரண்டு மாதத்துக்கு ஒரு பில். அட்டையைப் பார்க்கிற பழக்கம் உள்ள ஒரு பாட்டிக்கு இந்த இடமே போதும், பொய் என்று தெரிந்துவிடும். இன்றும் வேறு வேறு உடையில் இதே மோசடி வருகிறது. மின்வாரியமோ வங்கியோ காவல் நிலையமோ செயலி ஏற்றச் சொல்லாது, ஓ.டி.பி. கேட்காது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். 1930 என்ற எண்ணை உடனே கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

பொருள் வாங்குமுன் வீடியோ பார்ப்பதைத் தவறு என்று சொல்லமாட்டேன். பார்த்துவிட்டு, அதே பொருளை இரண்டு கோடை ஓட்டிய ஒருவரை உங்கள் தெருவிலேயே தேடிப் பிடியுங்கள். பழுது பார்க்கிற வயர்மேனையும் ஒரு வார்த்தை கேளுங்கள். எது அடிக்கடி தன் கைக்கு வருகிறது என்று அவருக்குத் தெரியும். அவருக்கு யாரும் விளம்பரக் காசு கொடுப்பதில்லை. 2011-ல் அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது எது நன்றாக ஓடுகிறது, எது புகைகிறது என்ற செய்தி தெருத் திண்ணையில்தான் பரவியது. அந்த ஃபேன் இன்றும் சுற்றுகிற வீடுகள் நம்மிடையே இருக்கின்றன.

கடைசியாக எலக்ட்ரிக் வண்டி. பழைய சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இன்று இந்த வண்டிகளைச் செய்கிறார்கள். ஒரு காலத்தில் அவை இரண்டுமே சேலம் மாவட்டத்து ஊர்கள். உங்கள் மகன் நாளுக்கு 50 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டுகிறார் என்று வையுங்கள். 3 யூனிட் பேட்டரியில் 75 கிலோமீட்டர் போகும் என்று கொஞ்சம் குறைத்தே கணக்குப் போட்டால் நாளுக்கு 2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அது உங்கள் வீட்டு மீட்டரில்தான் ஏறும். 420-ல் இருந்த வீடு 520-க்குப் போகும், சலுகையும் போகும். அப்படியே போனாலும், 80 யூனிட்டுக்கு 6 ரூபாய் வீதம் 480, 20 யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 160, போன சலுகை 225, ஆக 865 ரூபாய். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிற பெட்ரோல் வண்டிக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 5,000 ரூபாய் ஆகிறது. எனவே தினமும் ஓட்டம் இருக்கிறவர்கள் தைரியமாக எடுக்கலாம். கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் போகிற வண்டிக்கு இந்த லாபம் வராது. எதை எடுத்தாலும் சர்வீஸ் சென்டர் திருச்செங்கோட்டிலோ ராசிபுரத்திலோ இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். வண்டி நின்றால் வேன் பிடித்துத் தூர ஊருக்கு ஏற்றிக்கொண்டு போகிற நிலை வரக்கூடாது. பேட்டரிக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல்லில் நம்பாதீர்கள்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அட்டையில் கடந்த ஒரு வருடத்தின் ஆறு கணக்குகளையும், வீட்டில் எத்தனை பேர், என்னென்ன ஓடுகிறது என்பதையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். சோலார் போட்டவர்கள், போடுவதற்கு முன்னும் பின்னும் என்று இரண்டு கணக்கையும் எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊர் போதும். வருகிற கணக்குகளை அடுத்த இதழில் இரண்டு பக்கத்துக்கு அப்படியே அச்சிடுகிறோம். மின் இணைப்பு எண்ணையும் கைபேசி எண்ணையும் மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்